தேதியிட்ட ரசீதே முதல் உரிமை

(எல்லையோரக் கிளைகளின் உறுப்பினர்களுக்கான வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

வேலை பெறும் உரிமையையும், வேலையின்மை, முதுமை, நோய், ஊனம் ஆகிய நிலைகளில் பொது உதவி பெறும் உரிமையையும் மக்களுக்கு உறுதிசெய்ய அரசு முயல வேண்டும் என்று இந்திய அரசியல் சட்டத்தின் 41ஆவது பிரிவு கூறுகிறது. அரசின் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் அதே பிரிவில் இருக்கிறது. இது வழிகாட்டு நெறி மட்டுமே. இதைக் காட்டி நீதிமன்றத்தில் நேரடியாக வழக்காட முடியாது. ஆயினும் தொழிலாளர் இயக்கத்தின் நெடிய போராட்டங்களால், வேலையற்றோருக்குப் பணம் தர வேண்டிய கடமை சில சட்டங்களிலும் திட்டங்களிலும் இடம்பெற்றுவிட்டது.

எழுதப்பட்ட அந்த உரிமை பாறசாலையிலும் காரோட்டிலும் குளத்தூரிலும் குன்னத்துக்காலிலும் வெள்ளறடையிலும் வாழும் தொழிலாளியின் கைக்கு ஏன் வந்து சேருவதில்லை என்பதே இங்குள்ள கேள்வி. விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படுகின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் பதில். அது பாதி உண்மையே. நிராகரிக்கப்படுவதற்குக்கூட ஒரு விண்ணப்பம் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். பெரும்பாலான கோரிக்கைகள் அந்த இடம்வரைகூடப் போவதில்லை. கவுன்டரில் வாய்மொழியாகக் கேட்கப்பட்டு, வாய்மொழியாகவே பதில் சொல்லப்பட்டு, ஒரு துண்டுத் தாள்கூட மிஞ்சாமல் அவை முடிந்துவிடுகின்றன. தேதியிட்ட ரசீது இல்லாத வேலையின்மையை அரசு வேலையின்மையாகவே கணக்கில் எடுப்பதில்லை. வேலையின்மைப் படிக்கான போராட்டம் இந்த ரசீதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எந்த வேலையின்மைக்கு எந்தக் கதவு?

வேலையற்றோருக்கான உதவி என்று பொதுவாகப் பேசப்பட்டாலும், நெய்யாற்றின்கரை தாலுகாவில் வாழும் ஒருவருக்குத் திறந்திருக்கும் கதவுகள் வேறுவேறானவை. எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் ஒரு அலுவலகத்திலிருந்து மற்றொன்றுக்கு அலைவதே முதல் சிக்கல்.

முதலாவது, மலையாளத்தில் ‘தொழில்ரஹித வேதனம்’ என்று அழைக்கப்படும் மாநில அரசின் உதவி. 1982 முதல் நடைமுறையில் உள்ள இத்திட்டம், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயர் பதிந்து காத்திருப்போருக்கானது. விண்ணப்பத்தைப் பெறுவதும் பணம் வழங்குவதும் பஞ்சாயத்து அல்லது நகரசபையின் பொறுப்பு.

இரண்டாவது, கேரளத்தில் ‘தொழிலுறப்பு’ என்றும் எல்லைக்கு அப்பால் ‘நூறு நாள் வேலை’ என்றும் வழங்கும் 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம். வேலை கேட்டு 15 நாட்களுக்குள் வேலை தரப்படாவிட்டால் நாள்தோறும் வேலையின்மைப் படி தர வேண்டும் என்கிறது இதன் 7ஆவது பிரிவு.

மூன்றாவது, தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகமான இ.எஸ்.ஐ. வழங்கும் படி. இது ஆலையிலோ நிறுவனத்திலோ வேலை செய்து, சம்பளத்தில் பிடித்தம் செலுத்தி, பின்னர் வேலையை இழந்தவருக்கு உரியது.

நகரசபை எல்லைக்குள் வசிப்போருக்கு ஊரக வேலை உறுதிச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்காகக் கேரள அரசு 2010இல் அய்யங்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டத்தைத் தொடங்கியது. இதே தாலுகாவின் வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யங்காளி, ஒடுக்கப்பட்ட குழந்தைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்த நிலவுடைமையாளர்களின் வயல்களில் வேலை செய்ய மாட்டோம் என்று விவசாயத் தொழிலாளரைத் திரட்டியவர். அவர் பெயரைத் தாங்கிய திட்டத்தில் வேலை கேட்பதை யாரும் சலுகையாகக் கருத வேண்டியதில்லை.

120 ரூபாயின் கணக்கு

தொழில்ரஹித வேதனம் மாதம் 120 ரூபாய். ஒரு நாளைக்கு 4 ரூபாய். அதைப் பெற, எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு இதில் தளர்வு உண்டு. 18 வயது நிறைந்தபின் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மூன்றாண்டுகள் தொடர்ச்சியாகப் பதிவு உயிரோடு இருக்க வேண்டும். வயது 35ஐத் தாண்டக்கூடாது. மாணவராக இருக்கக்கூடாது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 12,000 ரூபாய்க்கு மேற்படக்கூடாது.

இந்தக் கடைசி நிபந்தனையே மற்ற எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. ஆண்டுக்கு 12,000 என்றால் மாதம் 1,000 ரூபாய். 2025-26இல் கேரளத்தில் வேலை உறுதித் திட்டத்தின் நாட்கூலி 369 ரூபாய். ஒரு தாய் ஓராண்டில் 33 நாள் தொழிலுறப்புப் பணிக்குப் போனால் கிடைக்கும் கூலி 12,177 ரூபாய். அந்தக் கூலியைக் குடும்ப வருமானத்தில் சேர்த்தால், வேறு எந்த வருமானமும் இல்லாவிட்டாலும், மகளுக்கு வர வேண்டிய 120 ரூபாய்க்கான தகுதி போய்விடுகிறது. நூறு நாள் வேலை தருவதாக ஒரு சட்டம் சொல்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு நாட்கள் வேலை செய்துவிட்டால் வேலையற்றோர் உதவி கிடையாது என்கிறது இன்னொரு திட்டத்தின் வருமான வரம்பு.

எல்லைக்கு அப்பால் உள்ள நிலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். தமிழ்நாட்டில் 2006இல் தொடங்கிய வேலையற்றோர் உதவித்தொகைத் திட்டத்தில் பத்தாம் வகுப்பில் தவறியவருக்கு மாதம் 200, தேர்ச்சி பெற்றவருக்கு 300, மேல்நிலைக் கல்விக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய் தரப்படுகிறது. குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய். கேரள வரம்பைப்போல் ஆறு மடங்கு. வயது வரம்பு 40. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45. ஆனால் பதிந்து காத்திருக்க வேண்டிய காலம் அங்கே ஐந்தாண்டுகள். உதவி கிடைப்பதோ மூன்றாண்டுகளுக்கு மட்டும். இதுவும் ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான தொகையன்று. என்றாலும் களியக்காவிளைச் சந்திப்பில் ஒரே கடையில் தேநீர் அருந்தும் இரண்டு வேலையற்ற இளைஞர்களை இரண்டு அரசுகள் எத்தனை வேறாக அளக்கின்றன என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன.

இங்கே இடதுசாரிகள் தயங்காமல் ஏற்க வேண்டிய சுயவிமர்சனம் ஒன்று உண்டு. கேரளத்தில் 2016இல் 600 ரூபாயாக இருந்த சமூகநல ஓய்வூதியம் படிப்படியாக உயர்ந்து 2025 நவம்பர் முதல் 2,000 ரூபாயானது. ஓய்வூதியத்துக்காக முதியோரும் விதவைகளும் விவசாயத் தொழிலாளர்களும் இடைவிடாது திரண்டதன் விளைவு அது. தொழில்ரஹித வேதனமோ எந்த முன்னணி ஆட்சியில் இருந்தாலும் நெடுங்காலமாக அதே 120 ரூபாயில் நின்றது. அதற்காக யாரும் திரளவில்லை என்பதே காரணம். 2025 அக்டோபரில், பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டம் போன்ற படிப்பை முடித்துத் திறன் பயிற்சியிலோ போட்டித் தேர்வுத் தயாரிப்பிலோ இருக்கும் இளைஞருக்கு மாதம் 1,000 ரூபாய் என்ற புதிய திட்டத்தைக் கேரள அரசு அறிவித்தது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தி, செங்கல் சூளைக்கும் முந்திரி ஆலைக்கும் போய்வந்து, இப்போது அதுவும் இல்லாமல் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

பதினைந்தாம் நாள்

இந்தக் கதவுகளில் தொகையிலும் சட்ட வலிமையிலும் பெரியது வேலை உறுதிச் சட்டத்தின் படியே. ஆனால் மிகக் குறைவாகக் கோரப்படுவதும் அதுதான்.

சட்டம் சொல்வது எளிது. வேலை அட்டை வைத்திருக்கும் குடும்பத்தின் வயதுவந்த உறுப்பினர் எவரும் பஞ்சாயத்தில் எழுத்துமூலம் வேலை கேட்கலாம். பலர் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகவும் தரலாம். விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டதற்குத் தேதியிட்ட ரசீது தர வேண்டும். 15 நாட்களுக்குள் வேலை தரப்படாவிட்டால் முதல் 30 நாட்களுக்கு நாட்கூலியில் கால் பங்குக்குக் குறையாமலும், அதன்பின் அரைப் பங்குக்குக் குறையாமலும் படி தர வேண்டும். அந்தப் படியும் உரிய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் தரப்பட வேண்டும். தர இயலாவிட்டால் அதற்கான காரணத்தை மாவட்ட ஒருங்கிணைப்பாளருக்கு அறிக்கையாக அனுப்புவதோடு, பஞ்சாயத்தின் அறிவிப்புப் பலகையிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்கிறது 8ஆவது பிரிவு.

369 ரூபாயில் கால் பங்கு 92 ரூபாய் 25 காசு. 30 நாட்களுக்கு 2,767 ரூபாய் 50 காசு. தொழில்ரஹித வேதனத்தில் இந்தத் தொகையை எட்ட ஒருவர் 23 மாதங்களுக்கு மேல் காத்திருக்க வேண்டும். ஒரு வார்டில் 20 பெண்கள் சேர்ந்து ஒரே நாளில் வேலை கேட்டு, வேலையும் கிடைக்காமல் போனால், முதல் 30 நாட்களுக்கு மட்டும் அரசு தர வேண்டியது 55,350 ரூபாய். வேலை தராமல் இருப்பதற்கு அரசு விலை கொடுக்க வேண்டும் என்பதே இந்தப் பிரிவின் உட்பொருள்.

விலை கொடுப்பதைத் தவிர்க்கும் வழியும் அதனால்தான் பிறந்தது. கூலியில் பெரும்பங்கு ஒன்றிய அரசின் பொறுப்பு. வேலையின்மைப் படியோ மாநில அரசின் பொறுப்பு. ஆகவே படி பதிவாகாமல் இருப்பது நிர்வாகத்தின் கீழ்மட்டம் முழுவதற்கும் வசதியாகிறது. வேலை கேட்டு வருபவரிடம், ‘பணி வரும்போது சொல்கிறோம், மேட் வழியாகத் தகவல் வரும்’ என்று சொல்லப்படுகிறது. பணிக்கு ஒப்புதல் கிடைத்து மஸ்டர் ரோல் தயாராகும் நாளில்தான் அவர் வேலை கேட்டதாகக் கணினியில் ஏற்றப்படுகிறது. அவர் உண்மையில் கேட்ட நாளுக்கும் கணினியில் ஏறிய நாளுக்கும் இடையில் இரண்டு மாதம் கழிந்திருக்கலாம். ஆனால் ஆவணத்தின்படி அவர் கேட்ட மறுநாளே வேலை கிடைத்துவிட்டது. கேட்டவர் அனைவருக்கும் வேலை தரப்பட்டது என்ற புள்ளிவிவரம் இப்படித்தான் உருவாகிறது.

இந்தப் பொய்யை உடைப்பது ஒரு துண்டுத் தாள்தான். சட்டம் நடைமுறைக்கு வந்த தொடக்க ஆண்டுகளிலேயே மத்தியப் பிரதேசத்தின் பட்வானி மாவட்டத்தில் ஆதிவாசித் தொழிலாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். எழுத்தறிவு குறைந்த அந்தப் பகுதியில் அமைப்பாகத் திரண்டு, கூட்டாக விண்ணப்பம் தந்து, வேலையின்மைப் படியைப் பெற்றார்கள். எழுத்தறிவில் நாட்டுக்கு முன்னோடியான கேரளத்தில், வேலை உறுதிப் பணியாளரில் பத்தில் ஒன்பது பேர் வரை பெண்களாகவும், அவர்களில் பெரும்பாலோர் குடும்பஸ்ரீயில் ஏற்கெனவே அமைப்பாகவும் இருக்கும் நிலையில், இது முடியாத காரியமன்று.

எச்சரிக்கையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலை தரப்பட்டதாக அறிவிப்பு வந்தபின் 15 நாட்களுக்குள் பணிக்குச் செல்லாதவர் மூன்று மாதங்களுக்குப் படி கோரும் தகுதியை இழப்பார். ஆகவே கூட்டு விண்ணப்பத்தில் கையெழுத்திடும் ஒவ்வொருவரும் உண்மையில் வேலைக்குப் போக ஆயத்தமாக இருப்பவரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வேலை தரப்பட்டால் மறுப்பதற்குப் பதிலாக, சட்டப்படி 10 விழுக்காடு கூடுதல் கூலி கேட்டுப் பணிக்குச் செல்வதே சரியான வழி.

எல்லை என்னும் கூடுதல் சுவர்

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு வரையப்பட்டதற்காக உறவுகள் நிற்கவில்லை. பெண் கொடுத்ததும் எடுத்ததும் தொடர்ந்தன. பள்ளியும் சந்தையும் மருத்துவமனையும் எந்தப் பக்கம் அருகில் இருந்தனவோ அந்தப் பக்கம் மக்கள் போனார்கள். ஆவணங்கள் மட்டும் கோட்டின் இருபுறமும் தனித்தனியே வளர்ந்தன.

அதன் விளைவை வேலையின்மை உதவிக்கான வரிசையில் காணலாம். பாறசாலையில் பிறந்து, களியக்காவிளைப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்து, மீண்டும் பாறசாலையிலேயே வாழும் ஒரு பெண்ணின் நிலை ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்நாட்டுத் திட்டத்தில் தமிழ்நாட்டில் படித்தவர் என்ற தகுதி அவருக்கு உண்டு; அங்கே வசிப்பவர் என்ற தகுதி இல்லை. கேரளத் திட்டத்தில் வசிப்பிடம் சரி. பிற மாநிலச் சான்றிதழைப் பார்த்ததும் கூடுதல் ஆவணம் கேட்கப்படலாம். இரண்டு மாநிலங்களிலும் பாதித் தகுதி. முழுத் தகுதி எங்கும் இல்லை.

மணமாகி எல்லை கடக்கும் பெண்ணின் நிலை இன்னும் கடினம். பிறந்த வீட்டின் குடும்ப அட்டையிலும் வேலை அட்டையிலும் பெயர் நீக்கப்பட்டு, புகுந்த வீட்டின் அட்டைகளில் சேர்க்கப்படும்வரை அவர் எந்தப் பஞ்சாயத்தின் வேலையற்றவரும் இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் காத்திருந்த ஆண்டுகளும் இந்த இடைவெளியில் கரைந்துவிடும் ஆபத்து உண்டு. குடிபெயர்ந்த உடனேயே பதிவு மாற்றத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்து, பழைய பதிவுத் தேதி மாறாமல் வருகிறதா என்று பார்த்துக்கொள்வது மிக முக்கியம்.

மூன்றாவது சிக்கல் பெயர். தமிழ்நாட்டுப் பள்ளிச் சான்றிதழில் தந்தை பெயரின் முதலெழுத்தோடு ‘முத்துலட்சுமி’ என்று இருப்பவர், மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்ட ஆதாரில் வேறு எழுத்துகளோடு ‘முத்துலெக்ஷ்மி’ ஆகிறார். வங்கிக் கணக்கில் வீட்டுப் பெயரும் சேர்ந்துகொள்கிறது. மனிதர் பார்த்தால் ஒருவரே என்று தெரியும். ஆதார் வழிப் பணப் பரிமாற்றமோ எழுத்துப் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறது. 2024 ஜனவரி முதல் வேலை உறுதிக் கூலிக்கு ஆதார் வழிப் பரிமாற்றம் கட்டாயமாக்கப்பட்டபின் இந்தத் தொல்லை பெருகியது. இதற்குத் தீர்வு உண்டு. இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்பதற்கு வில்லேஜ் அலுவலகம் ‘ஒன் அண்ட் த சேம்’ சான்றிதழ் வழங்குகிறது. அக்ஷயா மையத்தின் வழியாக அதற்கு விண்ணப்பிக்கலாம். உதவி கோரி விண்ணப்பித்தபின் ஓடுவதைவிட, அதற்கு முன்பே இதை வாங்கி வைப்பது ஆறு மாத அலைச்சலைத் தவிர்க்கும்.

நான்காவது, மொழி. படிவம் மலையாளத்தில் இருப்பதால் தமிழ் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்த முதிய தொழிலாளி வேறொருவர் நிரப்பிய தாளில் கையெழுத்திடுகிறார். என்ன எழுதப்பட்டது என்பதை அவர் அறிவதில்லை. குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் தர ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று அரசியல் சட்டத்தின் 350ஆவது பிரிவு கூறுகிறது. தமிழில் எழுதியிருக்கிறது என்று சொல்லி ஒரு புகார் மனுவை எந்த அலுவலகமும் திருப்பி அனுப்ப முடியாது.

ஆலை மூடிய பின்

எல்லையின் இருபுறமும் முந்திரி ஆலைகளிலும் சிறு தொழிற்கூடங்களிலும் கடைகளிலும் வேலை செய்து, இ.எஸ்.ஐ. பிடித்தம் செலுத்தியவர்கள் இருக்கிறார்கள். இ.எஸ்.ஐ. நாடு தழுவியது, மார்த்தாண்டத்தில் வேலை செய்தவர் பாறசாலையில் வசிப்பதால் உரிமை குறையாது. ஆனால் வேலையிழந்தால் இதில் பணம் உண்டு என்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது.

இங்கே இரண்டு திட்டங்கள் உள்ளன. 2005 ஏப்ரலில் தொடங்கிய ராஜீவ் காந்தி திட்டத்தின் கீழ், ஆலை மூடல், ஆட்குறைப்பு, அல்லது வேலைக்குத் தொடர்பில்லாத விபத்தால் ஏற்பட்ட நிரந்தர ஊனம் ஆகியவற்றால் வேலையிழந்தவருக்கு முதல் 12 மாதம் கூலியில் 50 விழுக்காடும், அடுத்த 12 மாதம் 25 விழுக்காடும் தரப்படும். 2018 ஜூலையில் தொடங்கிய அடல் திட்டத்தின் கீழ், வாழ்நாளில் ஒருமுறை, அதிகபட்சம் 90 நாட்களுக்குச் சராசரி நாட்கூலியில் 50 விழுக்காடு தரப்படும். இரண்டாவது, தற்காலிகத் திட்டமாக அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்தது; விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ளதா என்பதை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இதில் கோரிக்கையை வீழ்த்தும் குழிகள் மூன்று. முதலாவது, ராஜினாமாக் கடிதம். ஆலையை மூடும் முதலாளி, பாக்கிக் கூலி வேண்டுமானால் இங்கே கையெழுத்துப் போடு என்று ஒரு தாளை நீட்டுவது வழக்கம். அதில் ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்ற சொற்கள் இருந்தால், ஆலை மூடலால் வேலையிழந்தவர் என்று நிறுவுவது அரிதாகிவிடும். இரண்டாவது, 78 நாள் கணக்கு. அடல் திட்டத்துக்கு, வேலையிழப்புக்கு முந்தைய ஆறுமாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களாவது பிடித்தம் செலுத்தியிருக்க வேண்டும். ஆண்டில் சில மாதங்களே இயங்கும் ஆலையில் உழைத்தவர், தம் குற்றமின்றியே இந்தக் கணக்கில் தவறுகிறார். மூன்றாவது, செய்த வேலை நாட்களையும் வேலையிழந்த தேதியையும் காரணத்தையும் முதலாளி சரியாகப் பதிவதில்லை. வேலையில் இருக்கும்போதே ஒவ்வொரு பங்களிப்புக் காலத்தின் முடிவிலும், அதாவது செப்டம்பரிலும் மார்ச்சிலும், பதிவான நாட்களைச் சரிபார்ப்பது தொழிற்சங்கத்தின் வழக்கமான பணியாக வேண்டும்.

ரப்பர் பால்வெட்டும் தொழிலாளிக்கும் பாலராமபுரத்துக் கைத்தறி நெசவாளிக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் பெரும்பாலும் இந்தக் கதவுகூட இல்லை. மழைக்காலத்தில் பால்வெட்டு நிற்பதை எந்தச் சட்டமும் ஆட்குறைப்பு என்று ஏற்பதில்லை. அவர்களுக்கு எஞ்சியிருப்பது வேலை உறுதிச் சட்டம் ஒன்றே.

சட்டமே வேலையின்மையை மறைக்கும்போது

அந்தச் சட்டத்தின் அடித்தளத்தையும் மாற்றும் புதிய சட்டத்தை 2025 டிசம்பரில் ஒன்றிய ஆட்சியாளர்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றினார்கள். நாட்களை 100இலிருந்து 125ஆக உயர்த்தியதாக விளம்பரம் செய்யப்பட்டது. வேலையின்மைப் படியும் 15 நாள் வரம்பும் புதிய சட்டத்திலும் இருக்கின்றன. ஆனால் செலவில் 40 விழுக்காட்டை மாநிலங்கள் ஏற்க வேண்டும். ஒதுக்கீட்டின் அளவை ஒன்றிய அரசு முன்கூட்டியே நிர்ணயிக்கும். அதற்கு மேற்பட்ட செலவு மாநிலத்தின் தலையில் விழும். விதைப்பு, அறுவடைக் காலம் என்று அறிவிக்கப்படும் 60 நாட்கள் வரை வேலையே தரப்படாது.

இந்த 60 நாள் விதி வேலையின்மைப் படியின் வேரைத் தொடுகிறது. வேலை கேட்க முடியாத நாட்களில் வேலை மறுக்கப்பட்டதாகவும் கூற முடியாது. நெல்வயல்கள் பெரும்பாலும் மறைந்து ரப்பரும் மரவள்ளியும் வாழையும் நிற்கும் எல்லைக் கிராமங்களில், அறுவடைக் காலம் என்று சொல்லி நிறுத்தப்படும் பெண்களுக்கு வேலை தர எந்த வயல் காத்திருக்கிறது? நிலவுடைமையாளருக்கு மலிவான உழைப்பு தட்டாமல் கிடைக்க வேண்டும் என்பதே இவ்விதியின் வர்க்க நோக்கம். வேலையற்றோரின் சேமப் பட்டாளம் கூலியை எப்படிக் கீழே அழுத்தி வைக்கிறது என்பதை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதல் பாகத்தில் விளக்கியிருக்கிறார். வேலையின்மைப் படி அந்த அழுத்தத்தைச் சிறிதேனும் தளர்த்தும். படி இருந்தால் தொழிலாளி கிடைத்த கூலிக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. ஆளும் வர்க்கம் இந்தச் சிறு தொகையையும் தர மறுப்பது கஜானா காலி என்பதால் மட்டுமன்று.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, அரசின் அனுமதியின்றி ஆலையை மூடவும் ஆட்குறைக்கவும் இருந்த வரம்பை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்தியிருக்கிறது. வேலையை இழப்பது எளிதாகிறது. இழந்ததற்கான உதவியைப் பெறுவது கடினமாகிறது. இரண்டையும் ஒரே கொள்கையின் இரு பக்கங்களாகத் தோழர்கள் மக்களிடம் விளக்க வேண்டும்.

கிளைகளின் பணி

இந்த நிலையில் எல்லையோரக் கிளைகள் உடனடியாகச் செய்யக்கூடியவை உள்ளன.

ஒன்று: ஒவ்வொரு வார்டிலும் வேலை வேண்டுவோரைத் திரட்டி, ஒரே நாளில் கூட்டு விண்ணப்பம் தந்து, தேதியிட்ட ரசீது பெற வேண்டும். ரசீது மறுக்கப்பட்டால் அதே விண்ணப்பத்தைப் பதிவு வசதியோடு கூடிய விரைவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். அஞ்சலகத்தின் முத்திரையும் தேதிக்குச் சான்றுதான்.

இரண்டு: 15 நாட்கள் முடிந்ததும், மறுநாளே வேலையின்மைப் படி கோரும் மனுவைத் தர வேண்டும். பதில் இல்லாவிட்டால் மாவட்ட ஒருங்கிணைப்பாளரிடமும் வேலை உறுதித் திட்டத்தின் ஆம்புட்ஸ்மேனிடமும் புகார் செய்ய வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பப் பதிவேட்டின் நகலைக் கேட்டால் 30 நாட்களுக்குள் தர வேண்டும். சமூகத் தணிக்கைக் கிராமசபையில் ரசீதின் தேதியையும் கணினியில் ஏறிய தேதியையும் அருகருகே வாசித்துக் காட்ட வேண்டும்.

மூன்று: வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். தவறவிட்டால் காத்திருந்த ஆண்டுகள் வீணாகலாம். கிளையிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். அதில் கிராமத்து இளைஞர்களின் பதிவுத் தேதியும் புதுப்பிக்க வேண்டிய மாதமும் எழுதப்பட்டிருக்கட்டும். பதிவு காலாவதியானவர்களுக்காகக் கேரள அரசு அவ்வப்போது சிறப்புப் புதுப்பித்தல் வாய்ப்பு அளிப்பதுண்டு. அந்த அறிவிப்பு வரும்போது வீடு வீடாகச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கத்தில் உதவித்தொகை பெறுவோர் ஆண்டுதோறும் தர வேண்டிய சுய உறுதிமொழி ஆவணத்தின் தேதியையும் அதே நோட்டில் குறிக்கலாம்.

நான்கு: எந்த ஆலையிலும் வெற்றுத் தாளிலோ புரியாத மொழியில் உள்ள தாளிலோ கையெழுத்திடக்கூடாது என்பதை ஒவ்வொரு தொழிலாளியிடமும், அவர் வேலையில் இருக்கும்போதே சொல்லி வைக்க வேண்டும்.

ஐந்து: பாறசாலைக் கிளையும் களியக்காவிளைக் கிளையும் தனித்தனியே வேலை செய்தால் எல்லை கடந்து மணமான பெண்ணின் பிரச்சினை யாருடையதும் ஆகாது. இரு பக்கத்துத் தோழர்களும் மாதம் ஒருமுறை கூடி, பெயர் நீக்கம், பதிவு மாற்றம், சான்றிதழ் ஆகியவற்றில் தேங்கி நிற்கும் மனுக்களைச் சேர்ந்து தொடர வேண்டும்.

இவற்றோடு அரசுகளின் முன் வைக்கப்பட வேண்டிய கோரிக்கைகளும் தெளிவானவை. தொழில்ரஹித வேதனத்தை வாழ்க்கைச் செலவுக்கு ஏற்ப உயர்த்துக. 12,000 ரூபாய் என்ற வருமான வரம்பைக் கைவிடுக. வேலை உறுதிக் கூலியை வருமானக் கணக்கில் சேர்க்காதே. எல்லைத் தாலுகாக்களில் படித்தவர்களின் சான்றிதழையும் பதிவுக் காலத்தையும் இரு மாநிலங்களும் பரஸ்பரம் ஏற்றுக்கொள்க. எல்லையோரப் பஞ்சாயத்துகளில் தமிழிலும் படிவம் வழங்குக. அறுபது நாள் தடையை நீக்குக.

தோழர்களே, இந்தக் கோரிக்கைகளின் வலிமை மேடைப் பேச்சில் இல்லை. ஒரு பஞ்சாயத்தில் 200 பேர் வேலை கேட்டு, 200 ரசீதுகள் கிளையின் கைவசம் இருந்தால், வேலையில்லை என்ற உண்மையை எந்த ஆட்சியாலும் மறைக்க முடியாது. அந்த 200 தாள்களும் வழக்குக்கு ஆதாரம், கிராமசபைக்குச் சான்று, போராட்டத்துக்கு உறுப்பினர் பட்டியல். முதல் ரசீதுக்காக ஒரு தொழிலாளி பஞ்சாயத்துக் கவுன்டரில் நிற்கும்போது, அவர் அருகில் ஒரு கட்சி உறுப்பினர் நிற்க வேண்டும்.